மூடி திறக்கக் கூடாத சட்டி

அந்தச் சட்டிக்கு வடிவு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. காலையில் கறியைப் போட்டு மூடினால் சாயங்காலம்தான் கண் விழிக்கும். நடுவில் ஒரு கொதி இல்லை, விசில் இல்லை, சத்தமே இல்லை. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு மைசூருக்குத் திரும்பிய பரத்வாஜ், கம்பளிக்குள் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி அந்த ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்திருந்தார். நம் ஊர்க் கரண்ட்டை நேராகக் கொடுத்தால் அது கருகிவிடுமாம். அதற்காகச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியும் கூடவே வந்தது. பெட்டியை ப்ளக்கில் மாட்டி, சட்டியைப் பெட்டியில் மாட்ட வேண்டும். ஒரு சட்டிக்கு இத்தனை சீராட்டா என்று வடிவுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதில் ஆக்குவது ஒன்றே ஒன்றுதான். டாக்கோ. அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. பன்றியின் தோள்கறியில் பூண்டும் சீரகமும் ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாயும் பூசி, ஆரஞ்சும் எலுமிச்சையும் பிழிந்து, நாள் முழுக்க மெல்ல வேகவிட வேண்டும். பிறகு நார் நாராகப் பிய்த்து, உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டியில் வைத்து, பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, மடித்துத் தின்ன வேண்டும். மெக்சிகோக்காரர்கள் சாப்பாடு. டெக்சாசில் இருந்த காலத்தில் பரத்வாஜின் நாக்கில் ஒட்டிக்கொண்டது, மைசூரில் குவெம்புநகருக்குக் குடிவந்த பிறகும் விடவில்லை.

பரத்வாஜின் மனைவி பிரதிபா கல்லூரியில் பாடம் எடுப்பவள். கறியின் பக்கமே போகாதவள். அமெரிக்கா போய்வந்ததில் முட்டைக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்திருந்தது, அதோடு சரி. பன்றிக்கறி சமையலறை வாசற்படி தாண்டக் கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அதனால் தூங்குமூஞ்சி குடியிருந்தது கார் ஷெட்டில். கார் ஆபீசுக்குப் போனதும் ஷெட் அதன் ராஜ்யம். இந்த ஏற்பாடு வடிவுக்கு அதிசயமாகப் படவில்லை. அவள் ஊரிலும் பன்றிக்கறியை வீட்டு அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். வெளியே கல் கூட்டி, அதற்கென்று ஒதுக்கிய சட்டியில் ஆக்கித் தின்றுவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

அவள் ஊர் மார்டள்ளி. தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் கர்நாடகம் என்று கணக்கு, மற்றபடி ஊர் முழுக்கத் தமிழ்தான். கொத்தனார் சுப்பையாவைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தபோது, ஊரைச் சுற்றிப் புதுப்புது லேஅவுட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. சுப்பையா சுவர் எழுப்பினான், வடிவு கட்டட ஆட்களுக்குச் சோறு ஆக்கினாள். வெயிலில், மழையில், ஈர விறகில் ஊதி ஊதி ஆக்கினாள். பிறகு கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றில் சேர்ந்தாள். சுப்பையா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, இரண்டு பேர் வயிற்றுக்கும் அவளுடைய கரண்டி ஒன்றுதான். ஹாஸ்டல் மெஸ், அதன் பிறகு வீட்டு வேலை. உட்கார்ந்து சாப்பிட்ட நாள் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

சமையலில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்பு பார்ப்பதற்கு எல்லாரும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார்கள். வடிவு அப்படிச் செய்ததே கிடையாது. சாமிக்குக் காட்டாததை நாக்கில் வைக்கக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு அது. கரண்டியைத் தூக்கி ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள். "இன்னும் ஒரு கை உப்பு கேக்குது" என்பாள். போட்டால் சரியாக இருக்கும்.

ஒருமுறை குண்டலுபேட்டையில் ஒரு கல்யாணம். பந்தி போடுகிற நேரம். அண்டாவில் கமகமவென்று மசாலா மிதக்கிற ஆட்டுக்கறியை, பத்தடி தள்ளி நின்றபடியே, "இது திரும்பிருச்சு, எலைக்குப் போகக் கூடாது" என்றாள். சமையல் மேஸ்திரி கண்டபடி ஏசினான். வடிவு அண்டாவுக்குக் குறுக்கே நின்றாள், நகரவில்லை. கடைசியில் கொல்லையில் கொட்டினார்கள். அதைத் தின்ற நாய்கள் சாயங்காலம் சுருண்டு கிடந்தன. அன்றிலிருந்து கோஷ்டியில் அவளுக்கு மூக்கு வடிவு என்று பெயர். அவள் சேர்த்த சொத்து என்றால் அந்தப் பெயர்தான்.

போன ஐப்பசியில் ஒரு ஜுரம் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் சளி என்று நினைத்தாள். சளி போயிற்று, மணம் வரவில்லை. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். பெருங்காயத்தை நசுக்கிப் பார்த்தாள். மண்ணெண்ணெயை மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று சொல்லி அனுப்பினார். அதைச் சொல்ல அவர் எதற்கு, தெருவில் போகிறவன் சொல்ல மாட்டானா என்று வடிவுக்கு ஆத்திரம். அதற்குப் பிறகு மனிதர்களை விட்டுவிட்டு, தன் ஊர்ப்பக்கத்து மலைச்சாமி மாதேசுவரனிடம் போனாள். மணம் திரும்புகிற வரைக்கும் கவிச்சியை நாக்கில் வைப்பதில்லை, திரும்பியதும் மலையேறி வந்து முடி கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

"வேலை குடுக்கறவங்ககிட்டச் சொல்லிரு புள்ள" என்றான் சுப்பையா.

"சொல்லி? மோப்பம் புடிக்காத சமையக்காரியை எவன் வெச்சுக்குவான்?"

மூக்கு போனதே தவிர மூக்குத்தி இருக்கிறதே என்று கேலி பேசிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மறைப்பது சமைப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. பால் பொங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வெந்தயம் எந்தச் சிவப்பில் இறக்கினால் கசக்காது, ரசம் எந்த நுரையில் அணைத்தால் சரி என்று எல்லாவற்றையும் கண்ணால் பிடிக்க வேண்டும். நாக்கில் விட்டுப் பார்க்க அப்போதும் வளர்ப்பு விடவில்லை, உப்பை யாரும் பார்க்காதபோது ஸ்பூனால் அளந்து போட்டாள். முன்பு மூக்கு ஒன்று பார்த்த வேலையைக் கண்ணும் காதும் கையுமாக இப்போது அவளே முழுக்கப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கண் இரண்டும் எரியும், பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. சாம்பார் நன்றாயிருக்கிறது என்று பரத்வாஜ் இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொள்வார். மாதேசுவரன் கையைப் பிடித்து நடத்துகிறான் என்று வடிவு நம்பினாள்.

இந்த நிலைமையில்தான் தூங்குமூஞ்சியின் அருமை அவளுக்குத் தெரிந்தது. அதற்கு எல்லாம் அளவு. உப்பு இத்தனை ஸ்பூன், சீரகம் இத்தனை, சாறு இத்தனை கப். போட்டு மூடிவிட்டால் திறக்கவே கூடாது. "திறந்தா சூடு போயிடும், மறுபடி ஏற நேரமாகும். ஆசைப்பட்டுக்கூடத் திறந்துடாதீங்க வடிவம்மா" என்று பரத்வாஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மோந்து பார்க்க வேண்டாம், கிண்ட வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். வாழ்நாளெல்லாம் அடுப்பைக் காவல் காத்தவளுக்கு, தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற ஒரு சட்டி கிடைத்தது. முதல் தடவை ஆக்கியபோது பரத்வாஜ் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். வேலைக்கு வேறு வீடு மாற்றிப் போனால்கூட இந்தச் சட்டி உள்ள வீடாகப் பார்த்துப் போக வேண்டும் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

அந்த மே மாதச் சனிக்கிழமை, பரத்வாஜ் ஆபீஸ் ஆட்களை விருந்துக்கு அழைத்திருந்தார். பெங்களூரிலிருந்து அவருடைய மேலதிகாரி சாம்புவும் வருகிறார். ஒரு வாரமாகவே டாக்கோ டாக்கோ என்று ஆபீசில் அளந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. காலையிலேயே வடிவு ஷெட்டுக்குள் போய், குடகர் கடையில் வாங்கிவந்த கறியைச் சட்டியில் வைத்து, அளவுப்படி எல்லாம் போட்டு, மூடி, பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். பரத்வாஜ் சனிக்கிழமையும் ஆபீஸ் போனார். பிரதிபாவுக்குப் பரீட்சை வேலை. வடிவு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள், வெங்காயம் நறுக்கினாள், வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். தலைக்கு மேலே மின்விசிறி ஒரு நிமிஷம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு மணி வாக்கில் துணி எடுக்க வெளியே வந்தபோது, எதிர்வீட்டில் வேலை செய்கிற கன்னடக்காரி சென்னம்மா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அப்பா, கரெண்ட் இப்பத்தான் வந்துச்சு வடிவக்கா. காலையில போனது. இந்தச் செகையில, இந்த வெக்கையில மனுஷர் எப்படி இருக்கறது?"

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க வீட்ல போகலையே சென்னம்மா? ஃபேன் ஓடிட்டே இருந்துச்சே?"

"உங்க மனெயில இன்வெர்ட்டர் இருக்கல்லவா. உங்களுக்கு எப்படிக் கொத்தாகும், எப்படித் தெரியும்?"

இன்வெர்ட்டர் வீட்டுக்குள் இருக்கிற விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். ஷெட்டுக்கு அதில் பங்கு இல்லை. வடிவு கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது. சட்டியைத் தொட்டாள். கைசுட வேண்டிய சட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்போல இளஞ்சூடாக இருந்தது. திறக்கக் கூடாத மூடியைத் திறந்தாள். கறி வெளியே வெளுத்து, உள்ளே வேகாமல் கிடந்தது. காலையில் கொஞ்சம் சூடேறி, அப்படியே நின்று, பகலெல்லாம் தகர ஷெட்டின் வெயிலில் வெதுவெதுவென்று கிடந்திருக்கிறது. குனிந்து ஓர் இழுப்பு இழுத்தாள். பழக்கதோஷம். வெறும் காற்று வந்தது.

கெட்டிருக்கிறதா, இல்லையா? இதுதான் கேள்வி, வேறொன்றும் இல்லை. மூக்கு இருந்திருந்தால் மூடி திறந்த கணத்தில் பதில் வந்திருக்கும். கெட்டிருக்காவிட்டால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றி விருந்துக்குள் வேகவைத்துவிடலாம். இந்த மிளகாய்க்கும் பூண்டுக்கும் நடுவே யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கெட்டிருந்தால் அதே மிளகாயும் பூண்டும் விஷத்தையும் மறைத்துவிடும். குண்டலுபேட்டை நாய்கள் அவள் கண்முன் வந்தன. சென்னம்மாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாம். அவள் கறி தொடாத வீட்டுப் பெண், ஷெட்டுப் பக்கமே வர மாட்டாள். வந்தாலும், ஏன் உன் மூக்குக்கு என்ன என்று கேட்பாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

வடிவு நின்றாள். நின்று நின்று கால் வலித்தது. எதற்காக இத்தனை பாடு என்று ஓர் அலுப்பு வந்தது. அழக்கூடச் சோம்பலாக இருந்தது. மாதேசுவரா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு, கறியில் ஒரு நாரைக் கிள்ளி வாயில் போட்டாள்.

இத்தனை மாதம் கட்டிக் காத்த விரதம் ஒரு நாரில் போயிற்று. போனாலும் போகட்டும், பதிலாவது கிடைத்ததா? உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. புளித்தது. ஆனால் காலையில் அவள்தானே ஆரஞ்சும் எலுமிச்சையும் கப் கப்பாக ஊற்றினாள்? இந்தப் புளிப்பு அவள் ஊற்றியதா, வெயில் ஊற்றியதா? இன்னொரு நாரைப் போட்டாள். அதுவும் புளித்தது. கெட்டதை நாக்கு பாதிதான் சொல்லும், மீதியை மூக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. துப்பிவிட்டு, பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிரதிபாவின் கைனெட்டிக் ஹோண்டா உள்ளே வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னாச்சு வடிவம்மா? ஏன் இங்க உக்காந்துண்டிருக்கேள்? உடம்பு சரியில்லையா?"

"கரெண்ட்டு போயிருச்சுங்கம்மா. கறி பகலெல்லாம் அப்படியே கெடந்திருக்குது. கெட்டுப்போச்சா என்னன்னு எனக்குத் தெரியலீங்க."

"மோந்து பாத்தா தெரியுமோல்லியோ?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். இனி ஒளிக்க அவளுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. "எனக்கு மூக்கு செத்துப்போச்சுங்கம்மா. போன ஐப்பசியிலிருந்து. ஒரு வாசமும் தெரியாது. உங்ககிட்ட மறைச்சுட்டேன். வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிரதிபா ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"தெரியும்."

"என்னங்கம்மா?"

"பொங்கலுக்கு முன்னாடி ஒருநாள் காஸ் லீக் ஆயிண்டிருந்தது. ஹால் வரைக்கும் நாத்தம். நீங்க அடுப்புப் பக்கத்துலேயே நின்னுண்டு பீன்ஸ் நறுக்கிண்டிருந்தேள். நான்தான் வந்து மூடினேன். அன்னிக்கே கொத்தாச்சு."

பிரதிபா தினமும் காலேஜுக்குக் கிளம்பும் முன்பு சமையலறைக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது வடிவின் நினைவுக்கு வந்தது. "அப்ப... நான் போட்ட உப்பு?"

"கம்மியா இருந்தா நான் போடுவேன். ஜாஸ்தியா இருந்தா ரெண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிபண்ணுவேன். நீங்க கொல்லைப் பக்கம் போற நேரம் பாத்து."

சாம்பாரில் கேட்காமலே உருளைக்கிழங்கு மிதந்ததெல்லாம் வடிவுக்கு இப்போது புரிந்தது. மாதேசுவரன் கை என்று நினைத்ததெல்லாம் இந்தப் பெண்ணின் கை. நன்றிதான் வர வேண்டும். வந்தது கோபம்.

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களாம்மா? நான் தெனம் தெனம் செத்துச் செத்துல்ல அடுப்புகிட்ட நின்னேன்! கண்ணு பூத்துப்போச்சு எனக்கு!"

"சொன்னா நீங்க நின்னுடுவேள்னு பயம்" என்றாள் பிரதிபா. "இந்தக் கறியைத் தொட வேற யாரு வருவா? அவர் இதை விடமாட்டார். நான் பண்ணணும்னா... எனக்கும் முடியலை வடிவம்மா. காலேஜ், வீடு, பேப்பர் திருத்தறது. உப்புப் போடறது ஈஸி, இன்னொருத்தரைத் தேடறது கஷ்டம்னு விட்டுட்டேன்."

தன்னைக் கைப்பக்குவத்துக்காக வைத்திருக்கவில்லை, பன்றிக்கறி தொடுகிற கைக்காக வைத்திருக்கிறார்கள். வடிவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் எதிரே நிற்பவளும் தன்னைப் போலவே ஓய்ந்துபோய் நிற்பதைப் பார்த்தபோது, அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"சரிங்க. இப்ப இதை என்ன பண்றது? நீங்க மோந்து பாருங்க."

பிரதிபா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். சட்டி அருகே வந்ததும் தலைப்பை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள், குனிந்தாள், ஓங்கரித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே ஓடினாள். கண்ணில் தண்ணீர் வடிய அங்கிருந்தே கத்தினாள்.

"எனக்கு இது எப்பவுமே இப்படித்தான் நாறும்! நல்லது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கெட்டது தெரியும்?"

ஒருத்திக்கு விவரம் இருக்கிறது, மூக்கு இல்லை. இன்னொருத்திக்கு மூக்கு இருக்கிறது, விவரம் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு அதிக நேரம் நீடிக்கவுமில்லை.

வடிவு எழுந்தாள். "தெரியாததை எலையில வெக்க மாட்டேங்கம்மா. கொட்டிரலாம்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் அலுப்பு இல்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, நாய் கிளறாதபடி ஆழமாகப் புதைத்தாள். பிரதிபா தள்ளி நின்று வாளியில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு இருவரும் சமையலறைக்குப் போனார்கள். வடிவு மக்காச்சோள ரொட்டியைத் தட்டித் தட்டிப் போட்டாள். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி ஒரு தட்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினாள். உப்பு டப்பாவைப் பிரதிபாவிடம் நகர்த்தினாள். இந்த முறை பிரதிபா அவள் கண்ணெதிரிலேயே போட்டாள்.

விருந்தாளிகளோடு வந்த பரத்வாஜுக்கு, கரண்ட் போனதில் கறி வீணாயிற்று என்று பிரதிபா சொன்னபோது முகம் தொங்கிப்போயிற்று. நல்ல வேளையாகப் பசி இருந்தது. ரொட்டியில் முட்டையை வைத்து, கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து எல்லாரும் தின்றார்கள். தின்றது போதாமல் மறுபடி கேட்டார்கள். பெங்களூர் சாம்பு தட்டை வழித்துவிட்டு, "முட்டையே இப்படின்னா கறி எப்படி இருந்திருக்கும்! யாருப்பா சமையல்? கூப்பிடு அவங்களை" என்றார்.

வடிவு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இத்தனை பேர் முகமும் அவளை நோக்கித் திரும்பியது. பரத்வாஜ் பெருமையாகச் சிரித்தார்.

"எல்லாம் கரெக்டா, உப்பு ஒறைப்பு அப்படியே அளந்து போட்ட மாதிரி" என்றார் சாம்பு. "என்னம்மா ரகசியம்?"

சொல்லிவிட்டால் இன்றோடு முடிந்தது. நாளையிலிருந்து பாத்திரம் கழுவலாம், வீடு துடைக்கலாம், யாரையும் ஏமாற்ற வேண்டாம். வடிவு பிரதிபாவைப் பார்க்கவில்லை. நேராகப் பரத்வாஜைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் இல்லீங்க சார். எனக்கு வாசமும் தெரியறதில்ல, உப்பு அளவும் புடிபடறதில்ல. உப்புப் போட்டது அம்மா. இன்னிக்கு மட்டுமில்லீங்க, இத்தனை மாசமா அம்மாதான்."

சாம்பு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "பாத்தியா பரத்வாஜ், என்ன அடக்கம்! எஜமானியம்மாவை விட்டுக்கொடுக்காம எப்படிப் பேசறாங்க பாரு" என்றார். பரத்வாஜ் மனைவியைப் பார்த்துப் பரிகாசமாகக் கும்பிடு போட்டார். பிரதிபா கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் எங்க வீட்டுக் கிரகப்பிரவேசம். நல்ல கையாத் தேடிண்டிருந்தோம்" என்றார் சாம்பு. "நீங்கதான் வந்து சமைக்கணும், கேட்டேளா?"

இன்னொரு முறை சொல்ல வடிவிடம் தெம்பு இல்லை. "சரிங்க" என்றாள்.